பிளாஸ்மாவில் நிலையின்மை வந்தால் எலக்ட்ரான் வெப்பம் வேகமாகப் போகுமா, தடைபடுமா?

காலடிப்பேட்டை கதிர்:

வணக்கம். எம்எஸ்சி இயற்பியல் கடைசி செமஸ்டர். சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து பாய்ந்து வரும் பிளாஸ்மாவில் (எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த வாயு), எலக்ட்ரான்கள் கடத்தும் வெப்பம் பற்றி ப்ராஜெக்ட். வீடு திருவொற்றியூரில். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்1 கிளம்பியதை மொட்டைமாடியிலிருந்து பார்த்த ஜோரில் எடுத்த தலைப்பு. இப்போது வைவா நெருங்குகிறது, அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் உதைக்கிறது.

1953-ல் ஸ்பிட்சரும் ஹார்மும் போட்ட சூத்திரப்படி பிளாஸ்மாவின் வெப்பக் கடத்துதிறன் வெப்பநிலையின் 5/2 அடுக்காக ஏறும். 10 லட்சம் கெல்வினில் போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 10,000 வாட் வருகிறது. செம்புக்கே 400 தான். அடர்த்தி என்று ஒன்றும் இல்லாத சூரிய ஒளிவட்டம் (கரோனா) செம்பைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்துகிறது! சரி, அதை ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் கைடு சொல்கிறார்: சூரியக் காற்றில் நிஜமாகப் போகிற வெப்பம் இந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவு, அதற்கு ஒரு காரணம் வெப்ப ஓட்டமே கிளப்பிவிடும் நிலையின்மைகள். இதுதான் புரியவில்லை. நிலையின்மை என்றால் கலக்கல், கொந்தளிப்பு. டீக்கடையில் மாஸ்டர் தூக்கி ஆற்றினால் டீ சீக்கிரம் ஆறும். கலக்கினால் வெப்பம் வேகமாகப் போகும் என்றுதானே இருக்க வேண்டும்? இங்கே மட்டும் ஏன் தலைகீழ்?

கைடிடம் திரும்பக் கேட்டால் 'பேப்பரைப் படி' என்கிறார். பேப்பர் முழுக்க தொகையீடுகள். யாராவது வார்த்தையில் சொல்லுங்கள்.

சும்மா எட்டிப்பார்த்தேன்:

காந்தப்புலம் இருக்கிறதே ப்ரோ. எலக்ட்ரான் அதைச் சுற்றிச் சுற்றி வரும், எங்கே நகரும்? அதனால் கடத்தல் குறையும். மேட்டர் ஓவர்.

ராயபுரம் பழைய வாத்தியார்:

மேட்டர் ஓவர் இல்லை. காந்தப்புலக் கோட்டுக்குக் குறுக்கே போகத்தான் எலக்ட்ரானுக்குத் தடை. கோட்டின் வழியாகவே போக ஒரு தடையும் இல்லை. சூரியக் காற்றில் வெப்பம் பெரும்பாலும் கோட்டின் வழியாகத்தான் வருகிறது. தம்பியின் கேள்வி அந்த வழியைப் பற்றியது.

கதிர் தம்பி, முதலில் அந்த டீயை இறக்கி வை. மாஸ்டர் ஆற்றும்போது டீயே இடம் மாறுகிறது, சூடான டீ போய்க் காற்றைத் தொடுகிறது. அது வெப்பச்சலனம். உன் எலக்ட்ரான்கள் மொத்தமாக அப்படி இடம் பெயர முடியாது. பெயர்ந்தால் மின்னோட்டம் ஓடும், மின்புலம் எழும்பி உடனே பிடித்து இழுத்துவிடும். அதனால் நடப்பது இதுதான்: சூடான பக்கத்திலிருந்து வேகமான எலக்ட்ரான்கள் கொஞ்சம் பேர் குளிர்ந்த பக்கம் போகிறார்கள். அதே மின்னோட்டத்தை ஈடுகட்ட மெதுவான எலக்ட்ரான்கள் நிறைய பேர், நிதானமாகத் திரும்பி வருகிறார்கள். மின்னூட்டக் கணக்கு நேர். ஆற்றல் கணக்கு நேர் இல்லை. அந்த வித்தியாசம்தான் வெப்ப ஓட்டம்.

5/2 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கண்டிப்பாகக் கேட்பார்கள், மனப்பாடமாகச் சொல்லாதே. கடத்துதிறன் என்பது எண்ணிக்கை அடர்த்தி, வேகம், சராசரி மோதலிடைத் தூரம் (ஒரு மோதலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஓடும் தூரம்) மூன்றின் பெருக்கல். வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலம். கூலும் விசையில் மோதல் என்பதால், வேகம் கூடக் கூட எலக்ட்ரான் அயனியைச் சட்டை செய்யாமல் போய்விடும்; மோதலிடைத் தூரம் வெப்பநிலையின் வர்க்கமாக ஏறும், அடர்த்தியால் வகுபடும். பெருக்கினால் அடர்த்தி அடிபட்டுப் போகிறது, 5/2 மிஞ்சுகிறது. ஒளிவட்டம் செம்பை ஜெயிப்பது இதனால்தான். ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் மோதாமல் வெகுதூரம் ஓடுகிறார்கள்.

இப்போது கவனி. வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது சராசரி எலக்ட்ரான் இல்லை. வெப்ப வேகத்தைப் போல சுமார் மூன்று மடங்கு வேகத்தில் ஓடுகிறவர்கள்தான் அதில் பெரும்பங்கு சுமக்கிறார்கள். மோதலிடைத் தூரம் வேகத்தின் நான்காம் அடுக்கு. மூன்றின் நான்காம் அடுக்கு 81. சராசரி ஆளைவிட 81 மடங்கு தூரம் மோதாமல் போகிறவன்தான் உன் வெப்பத்தின் கூலியாள். அதனால் சராசரி மோதலிடைத் தூரம் வெப்பநிலை மாறும் தூரத்தில் நூறில் ஒன்றைத் தாண்டினாலே அந்தச் சூத்திரத்தின் அனுமானம் ஆட்டம் காணும். பூமி இருக்கும் தூரத்தில் சூரியக் காற்று கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள், எலக்ட்ரான் வெப்பநிலை லட்சம் கெல்வினை ஒட்டி. அங்கே மோதலிடைத் தூரமே சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் அளவுக்கு வந்துவிடுகிறது. சூத்திரத்தை அப்படியே அங்கே போட்டால், எலக்ட்ரான்கள் தங்கள் வேகத்தில் மொத்தமாக ஓடினாலும் சுமக்க முடியாத வெப்பத்தைச் சுமப்பதாகக் கூட விடை வரும். அபத்தம். எனவே தடை போட ஏதோ ஒன்று வேண்டும்.

இதற்கு மேல்தான் நிலையின்மை. மோதல் இருந்தால் எலக்ட்ரான்களின் வேகப் பரவல் மேக்ஸ்வெல் வடிவத்துக்கு, அதாவது எல்லாத் திசையிலும் சமமான மணி வடிவத்துக்கு, இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மோதல் இல்லாவிட்டால் ஒரு பக்கம் நீண்ட வால், மறு பக்கம் தள்ளிப்போன மையம் என்று கோணிக்கொண்டு நிற்கும். அந்தக் கோணல்தான் வெப்ப ஓட்டம் என்பதை மறக்காதே, இரண்டும் ஒன்றே. கோணலில் சும்மா கிடக்கும் ஆற்றல் உண்டு. ஒரு அளவைத் தாண்டினால் அந்த ஆற்றலை உறிஞ்சி அலைகள் தானாக வளர ஆரம்பிக்கும். சூரியக் காற்றில் முக்கியமாகப் பேசப்படுவது விசிலர் அலை, காந்தப்புலம் உள்ள பிளாஸ்மாவில் ஓடும் ஒரு மின்காந்த அலை. முதல் உலகப் போரில் எதிரியின் ஃபோன் பேச்சை ஒட்டுக்கேட்கும்போது ஜெர்மனியின் பார்க்ஹவுசன் காதில் விழுந்த அதே இன அலைதான். அவர் கேட்டது மின்னலில் பிறந்தது, இங்கே பிறப்பது வெப்பத்தில்.

அலையின் காந்தப்புலம் எலக்ட்ரானை என்ன செய்யும்? அலையோடு சேர்ந்து நகர்ந்து பார்த்தால், வேகத்தின் அளவை மாற்றாது, திசையைத் திருப்பும். காந்தக் கோட்டோடு நேராக ஓடிக்கொண்டிருந்தவன் சாய்வான், இன்னும் சாய்வான், கடைசியில் திரும்பியே போவான். மோதல் செய்யாத வேலையை அலை செய்கிறது. அதாவது மோதலிடைத் தூரம் செயற்கையாகக் குறுகிவிடுகிறது. இப்போது உன் பெருக்கலில் அந்த ஒரு எண்ணைக் குறைத்துப் போடு. கடத்துதிறன் விழும். கலக்கல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தூக்கிப் போகிறவனின் காலை வாருகிறது.

இன்னும் ஒரு படி மேலே. அலை தன் வேகத்தில் நகர்கிறது, சூடான எலக்ட்ரான்கள் அதனிடம் சிக்கித் திசை மாறி மாறிக் கடைசியில் அதன் வேகத்தோடுதான் நகர முடிகிறது. பிளாஸ்மா அழுத்தத்தைக் காந்த அழுத்தத்தால் வகுத்தால் வருவது பீட்டா. பீட்டா பெரிதாக இருக்கும் இடத்தில் இந்த விசிலர் அலையின் வேகம், எலக்ட்ரானின் வெப்ப வேகத்தைப் பீட்டாவால் வகுத்த அளவுதான். கேலக்ஸிக் கொத்துகளில் (பல கேலக்ஸிகள் ஈர்ப்பால் கூடி நிற்கும் இடம், நடுவே சூடான பிளாஸ்மா) பீட்டா சுமார் 100. அங்கே வெப்பம் அதிகபட்ச ஓட்டத்தில் (எலக்ட்ரான்கள் மொத்தமாக ஓடினால் சுமக்கும் அளவில்) நூறில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும், எவ்வளவு பெரிய வெப்பநிலைச் சரிவு, அதாவது இடத்துக்கு இடம் வெப்பநிலை வித்தியாசம், கொடுத்தாலும் சரி. 'எவ்வளவு கொடுத்தாலும்' என்பதைக் கோடு போட்டுக்கொள். ஸ்பிட்சரில் சரிவை இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும். இங்கே அந்த விதியே செல்லாது.

அரசுக் கல்லூரியில் இதைக் கரும்பலகையில் நடத்திய காலத்தில் யாரும் பீட்டா வரை விழித்திருந்ததில்லை. நீ இருக்கிறாயா பார்ப்போம்.

காலடிப்பேட்டை கதிர்:

விழித்துத்தான் இருக்கிறேன் சார். ரொம்ப நன்றி. 'கோணலும் வெப்ப ஓட்டமும் ஒன்றே' என்ற வரியில் பாதி சந்தேகம் போய்விட்டது.

ஒன்று மட்டும். அலை எலக்ட்ரானைத் திருப்ப இரண்டும் ஒத்திசைய வேண்டும், அதாவது எலக்ட்ரான் சுற்றும் தாளமும் அது உணரும் அலையின் தாளமும் பொருந்த வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டால், கோட்டின் வழியாக வெப்பம் போகும் திசையிலேயே ஓடும் விசிலர் அலை, எதிர்த்திசையில் வரும் எலக்ட்ரானோடுதான் ஒத்திசைகிறது. ஆனால் வெப்பத்தைச் சுமப்பவர்கள் அலையோடு ஒரே திசையில் அல்லவா ஓடுகிறார்கள்? அப்படியானால் அவர்களை அது தொடவே முடியாதே?

காந்திநகரில் வியாசர்பாடிக்காரன்:

கதிர், நல்ல கேள்வி, வாத்தியார் பதில் சொல்லட்டும். நான் வேறு இடத்திலிருந்து குறுக்கிடுகிறேன். வியாசர்பாடியில் வளர்ந்தவன், இப்போது காந்திநகரில் டோகமாக் (அணு இணைவுக்காகச் சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவி) பக்கம் வேலை. இங்கே ஆதித்யா என்றால் வேறு. 1989-லிருந்து இருக்கிற டோகமாக்கின் பெயர் அது. ஊருக்கு வந்து 'ஆதித்யாவில் வேலை' என்று சொன்னால் எல்லாரும் ராக்கெட் என்று நினைத்துக்கொண்டு கைகொடுக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

எங்கள் உலகில் உன் டீ ஜெயிக்கும். டோகமாக்கில் எங்கள் தலைவலி காந்தக் கோட்டுக்குக் குறுக்கே சுவரை நோக்கிக் கசியும் வெப்பம். ஒரு டெஸ்லா புலத்தில், ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் சுற்றும் வட்டத்தின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அளவுதான். மோதினால் அந்த ஆரம் அளவு குறுக்கே நகரும், மோதாவிட்டால் அதுவும் இல்லை. அதாவது இங்கே மோதல்தான் கசிவுக்கே காரணம், சூடு ஏற ஏற கசிவு குறைய வேண்டும். காகிதத்தில் அருமை. நிஜத்தில் அளந்தால் எலக்ட்ரான் வெப்பக் கசிவு மோதல் கணக்கைவிட நூறு மடங்கு அளவில் அதிகம். காரணம் நுண் நிலையின்மைகள்தான். எலக்ட்ரான் வெப்பநிலைச் சரிவே தூண்டிவிடும் அலைகள், சிக்குண்ட எலக்ட்ரான் அலைகள் என்று பட்டியல் நீளம். சிறு சிறு சுழல்கள் சூடான பிளாஸ்மாவை வெளியேயும் குளிர்ந்ததை உள்ளேயும் கொண்டுபோகின்றன. வெப்பத்தைக் கூட்டி உள்ளே திணித்தால் மையம் சூடாவதற்குப் பதில் கசிவு எகிறும். சரிவு ஒரு வரம்பை ஒட்டியே விறைப்பாக நிற்கும்.

ஆக 'நிலையின்மை வெப்பத்தைத் தடுக்கும்' என்று வைவாவில் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாதே. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் போச்சு.

எண்ணூர் ஆர்கான்:

நான் படித்தது ஐடிஐ. எண்ணூரில் ஆர்கான் வெல்டிங் வேலை. தேடும்போது இந்தத் திரி வந்தது, முழுசாகப் படித்தேன், பாதி புரிந்தது. டங்ஸ்டன் முனைக்குக் கீழே மணி மாதிரி விரிந்து நிற்கிறதே, அதுவும் பிளாஸ்மாதான் என்று ட்ரெய்னிங்கில் சொன்னார்கள். சில நாள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும், உருகிய உலோகக் குட்டை நிற்காது, சீம் கோணிக்கொள்ளும். அதுவும் இந்த நிலையின்மைதானா?

ராயபுரம் பழைய வாத்தியார்:

எண்ணூர் தம்பிக்கு முதலில். அது பிளாஸ்மாதான், நடுவில் பதினைந்து இருபதாயிரம் கெல்வின் வரை போகும். ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கமான பிளாஸ்மா. மோதலிடைத் தூரம் மைக்ரோமீட்டர் அளவு, வெப்பநிலை மாறுவதோ மில்லிமீட்டர் அளவில். மோதல் தாராளமாக நடப்பதால் வேகப் பரவல் கோண வழியில்லை, நாங்கள் பேசும் அலைகளுக்கு அங்கே தீனி இல்லை. உன் ஆர்க் சாய்வதற்கு வழக்கமான சந்தேக நபர்கள்: டிசி-யில் வேலை செய்யும்போது இரும்புத் தகட்டில் தங்கிய காந்தம், அல்லது எர்த் கிளாம்பை ஒரு ஓரத்தில் மாட்டியிருப்பது. கிளாம்பை இடம் மாற்றிப் பார். முனையைக் குறுக்கே கிரைண்ட் செய்திருந்தாலும் ஆர்க் அலையும், நீளவாக்கில் கிரைண்ட் செய். துறைமுகப் பக்கக் காற்றுக்கு கேஸ் கலைவதும் உண்டு, அதை என்னைவிட நீ அறிவாய்.

கதிர், உன் ஒத்திசைவுக் கணக்கு சரி. நேராக ஓடும் விசிலர், வெப்பச் சுமைகாரர்களை நேரடியாகத் தொடாது. எதிரே வருகிறவர்களைத்தான் திருப்பும். சாய்ந்து ஓடும் விசிலர் அலைகள்தான் ஒரே திசையில் ஓடுகிறவர்களையும் பிடிக்கும். அலையின் மின்புலம் சாய்வால் கோட்டின் வழியாகவும் ஒரு கூறு பெறுகிறது, ஒத்திசைவு நிபந்தனையில் குறி மாறிய இன்னொரு தீர்வு கிடைக்கிறது. சூரியக் காற்றில் நேர் அலை மட்டும் போதுமா, சாய்ந்தவை எந்த அளவுக்கு என்பது இன்றும் சூடான சண்டை. கைடு இதைக் கேட்டால் உனக்குப் பாதி மதிப்பெண் அப்போதே விழுந்துவிடும்.

வியாசர்பாடிக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம், ஆனால் இரண்டு கதையும் முரண் இல்லை. எந்த நிலையின்மையும் தனக்குத் தீனி போடுவதைத்தான் தின்னும். டோகமாக்கில் தீனி, குறுக்கே இருக்கும் வெப்பநிலைச் சரிவு. சரிவைக் கரைக்க ஒரே வழி வெப்பத்தை எடுத்து வெளியே போடுவது, அதனால் ஓட்டம் கூடுகிறது. சூரியக் காற்றில் தீனி, வேகப் பரவலின் கோணல், அதாவது வெப்ப ஓட்டமே. அதைத் தின்றால் ஓட்டம் குறைகிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது 'எது ஊட்டுகிறது' என்பது. கூடுமா குறையுமா என்பது அதிலிருந்து தானாக விழும்.

கேலக்ஸிக் கொத்துகளைத் தொடும்போது ஒரு எச்சரிக்கை. நம்ம பிரசிடென்சி கல்லூரி மாணவர் சந்திரசேகரின் பெயரில் 1999-ல் நாசா அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கி, ஏபெல் 2142 போன்ற கொத்துகளில் சூடான வாயுவும் குளிர்ந்த வாயுவும் கூர்மையான எல்லையோடு அடுத்தடுத்து நிற்பதைக் காட்டியது. அந்த எல்லை நிலைத்திருக்க ஸ்பிட்சர் கடத்தல் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்திருக்க வேண்டும் என்று 2000-லேயே கணக்கிட்டார்கள். பலரும் இதை நிலையின்மைக்குச் சாட்சியாக எடுத்துவந்து நிறுத்துவார்கள். எடுக்காதே. அந்த எல்லையில் காந்தக் கோடுகள் மேலே போர்த்தியதுபோல் படிந்திருக்கின்றன, வெப்பம் குறுக்கே போக வேண்டும். 'மேட்டர் ஓவர்' சொன்ன தம்பியின் பதில் அங்கேதான் பொருந்தும். அவருக்கும் ஒரு மார்க் போட்டுவிடலாம். நிலையின்மைக்குப் பக்கத்தில் வரும் சாட்சி வேண்டுமானால் அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் லேசரால் கொத்து மாதிரியான கொந்தளிப்புப் பிளாஸ்மா உண்டாக்கிச் செய்த சோதனையைப் படி, 2022-ல் வெளிவந்தது. கடத்தல் நூறு மடங்கும் அதற்கு மேலும் விழுந்தது. அது முழுக்க விசிலர் வேலை என்று மட்டும் எழுதிவிடாதே.

லேசரால் அணு இணைவு செய்யப் பார்க்கும் லேசர்காரர்கள் இந்தத் தடையை ரொம்ப நாளாகவே உணர்ந்தவர்கள். 1975-லேயே, சோதனையோடு கணக்கு ஒத்துப்போக எலக்ட்ரான் வெப்பத்துக்கு உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் நிரலில் 0.03-லிருந்து 0.1 வரை ஒரு எண்ணைப் போட்டு, அதிகபட்ச ஓட்டத்தில் அந்தப் பங்குக்கு மேல் போகாமல் ஓட்டத்தை வெட்டுவார்கள். திரும்பி வருகிற மெதுவான எலக்ட்ரான்கள் கிளப்பும் அயனி ஒலி அலை காரணமா, நேரடியாகத் தொலைவு ஓடும் எலக்ட்ரான்களா என்ற சண்டை தனி. எனக்கு அந்த எண் என்றைக்கும் பிடித்ததில்லை. கையில் காரணம் இல்லாமல் வைக்கும் எண் அது.

காலடிப்பேட்டை கதிர்:

சார், கடைசியாக: நிஜத் தரவில் இதைக் காட்ட முடியுமா? எம்எஸ்சி அளவுக்கு.

ராயபுரம் பழைய வாத்தியார்:

முடியும். விண்ட் விண்கலம் 1994-ல் போனது, அதன் எலக்ட்ரான் தரவு நாசா தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நம்ம ஆதித்யாவிலும் பாப்பா என்று சூரியக் காற்று எலக்ட்ரான்களை அளக்கும் கருவி இருக்கிறது, இஸ்ரோவின் பிரதான் தளத்தில் என்ன வெளியாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்.

ஒரு வரைபடம் போதும். கிடை அச்சில் மோதலிடைத் தூரத்தை வெப்பநிலை மாறும் தூரத்தால் வகுத்த எண். செங்குத்தில் அளந்த வெப்ப ஓட்டத்தை அதிகபட்ச ஓட்டத்தால் வகுத்த எண். 2013-ல் விண்ட் தரவை வைத்து இப்படிப் போட்டார்கள்: கிடை எண் சுமார் 0.3 வரை ஸ்பிட்சர் கோட்டை ஒட்டி ஏறுகிறது, அதற்கு அப்பால் ஓட்டம் அதிகபட்சத்தில் சுமார் 0.3 என்ற அளவில் படுத்துவிடுகிறது. நூறில் ஒன்றிலேயே ஆட்டம் காணும் என்று மேலே சொன்னேன் அல்லவா, நிஜத் தரவில் சூத்திரம் அதைவிட முரட்டுத்தனமாகத் தாக்குப்பிடிக்கிறது. ஏன் என்று உன் ஆய்வுரையில் ஒரு பத்தி எழுது. அப்புறம் அதே புள்ளிகளுக்குப் பீட்டாவை வைத்து வண்ணம் கொடு. பீட்டா ஏற ஏற ஓட்டத்தின் மேல் விளிம்பு கீழே இறங்கினால், விசிலர் வரம்புக் கோட்டை அதன் மேல் வரைந்து காட்டு.

தரவை இறக்கும்போது நிமிடக் கணக்கு சராசரியை எடு, மூன்று நொடித் தரவை எடுத்துவிட்டு லேப்டாப் தொங்குகிறது என்று இங்கே வராதே.

எண்ணூர் ஆர்கான்:

கிளாம்பை இந்தப் பக்கம் மாற்றினேன் சார், சாய்வு பாதி குறைந்தது. முனையை நாளைக்கு கிரைண்ட் செய்கிறேன்.